மஞ்சள் தாளில் இல்லாத பெயர்

சனிக்கிழமை பிற்பகல் ஐஸ் ஹாக்கி ஆட்டம் முடிய ஒரு நிமிடம் பத்து நொடி இருந்தபோது வெஸ் ஹார்லுக் தன் இடது காலைக் கொண்டுபோய் பக்கின் குறுக்கே வைத்தான். வைத்தான் என்றுதான் சொல்ல வேண்டும். பட்டுவிட்டது என்று சொன்னால் அது அவன் தொழிலுக்கே அவமரியாதை. எதிரணிக்காரன் மட்டையை ஓங்குவதைப் பார்த்தான், பக் எந்த வழியாக வரும் என்று மனசுக்குள் கோடு போட்டான், அந்தக் கோட்டின் மேலேயே போய் ஒற்றை முழங்காலில் இறங்கினான். கெட்டி ரப்பர் வில்லை ஒன்று சுவரைப் பெயர்க்கிற வேகத்தில் வரும்போது புத்தியுள்ளவன் விலகி நிற்பான். விலகாமல் நிற்பதற்காகத்தான் பதினோரு வருடங்களாக வெஸ்ஸைச் சம்பளம் கொடுத்து வைத்திருந்தார்கள்.

கணுக்காலுக்குக் கீழே, ஸ்கேட்டின் உள்பக்கத்தில் அடித்தது. கூட்டத்துக்கு 'தொம்' என்ற சத்தம் மட்டும்தான் கேட்டது. வெஸ்ஸுக்கு அதற்குள்ளிருந்து இன்னொரு சின்னச் சத்தமும் கேட்டது. காய்ந்த சுள்ளி ஒன்று பூட்ஸுக்குள் முறிந்த மாதிரி இருந்தது.

வெஸ்ஸின் ஹாமில்டன் அணி அப்போது ஒரு கோல் முன்னால் இருந்தது. ஆனால் ஒருவன் தண்டனைப் பெட்டியில் உட்கார்ந்திருந்ததால் பனியில் ஒரு ஆள் குறைவு. ஆளை மாற்றவும் வழியில்லை. வெஸ் எழுந்தான். வலது காலில் பாரத்தைப் போட்டு, மட்டையை ஊன்றுகோலாக்கி நாற்பது நொடி நின்றான். இரண்டாவது தடவையும் பக் வந்தது, அதையும் தொடையில் வாங்கினான். கடைசியில் தன் முன்னால் வந்து விழுந்ததை ஒற்றைக் கையால் மறுமுனைக்குத் தள்ளிவிட்டு, தடுப்புச் சுவரைப் பிடித்துக்கொண்டே பெஞ்சுக்கு வந்து விழுந்தான். அரங்கமே எழுந்து நின்றது. பெஞ்சில் இருந்தவர்கள் மட்டைகளால் பலகைச் சுவரைத் தட்டினார்கள். வாயால் பாராட்டத் தெரியாத கூட்டம் அது. அந்தத் தட்டல் ஒன்றுதான் அவர்களுடைய மரியாதை.

வெஸ்ஸுக்கு முப்பத்துமூன்று வயது. நாலாவது வரிசை ஆட்டக்காரன். முதல் இரண்டு வரிசைகள் கோல் போடும், பத்திரிகையில் படம் வரும். மூன்றாவது வரிசை எதிரியின் நட்சத்திரங்களோடு மல்லுக்கட்டும். நாலாவது, மற்ற மூவரும் மூச்சு வாங்குகிற நேரத்தில் வீடு திருட்டுப் போகாமல் பார்த்துக்கொள்ளும். ஆட்டத்துக்கு எட்டு நிமிடம், மிஞ்சினால் ஒன்பது. இந்த வருடம் அவன் போட்டது மூன்று கோல். அதில் ஒன்று சக ஆட்டக்காரன் அடித்து அவன் பிட்டத்தில் பட்டு உள்ளே போனது. மறுநாள் அவன் இருக்கையில் பூங்கொத்து வைத்து, 'அந்தப் பகுதிக்கு எங்கள் வாழ்த்துகள்' என்று சீட்டு எழுதியிருந்தார்கள். வெஸ் அந்தப் பூக்களை வீட்டுக்குக் கொண்டுபோய் மனைவி கோரினிடம் கொடுத்தான், சீட்டை மட்டும் கிழித்துப் போட்டுவிட்டு.

ஆட்டம் முடிந்ததும் உடை மாற்றும் அறையில் தொப்பி அவனுக்கு வந்தது. உருக்காலையில் முப்பது வருடம் கிடந்த யாரோ ஒரு தொழிலாளி அணிக்குக் கொடுத்த வெள்ளைத் தலைக்கவசம், நெற்றியில் நசுங்கியது. ஜெயித்த ஒவ்வொரு ஆட்டத்துக்குப் பிறகும் அதை வைத்திருப்பவன் அன்றைக்கு அதிகம் உழைத்தவன் தலையில் கவிழ்ப்பான். அடுத்த வெற்றி வரை அது அவன் இருக்கைக்கு மேலே ஆணியில் தொங்கும். அதுவரை அதை வைத்திருந்த அணித் தலைவன் வந்து வெஸ் தலையில் வைத்தபோது இருபது பேரும் கத்தினார்கள். கோச் டெனிஸ் ப்ராக் தொலைக்காட்சி விளக்குகளுக்கு முன்னால் நின்று, இப்படிப்பட்ட ஆள் இல்லாமல் எந்த அணியும் கோப்பை ஜெயித்ததில்லை என்றார், வெஸ்தான் இந்த அணியின் இதயம் என்றார். வெஸ் தொப்பிக்குக் கீழே சிரித்தபடி, இடது ஸ்கேட்டைக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தான். கழற்றினால் கால் வீங்கிவிடும், எல்லோரும் பார்த்துவிடுவார்கள்.

கில் பவுஷே பார்த்துவிட்டான். அணியின் காயங்களைக் கவனிப்பவன் அவன். கட்டுப் போடுவது, பிடித்துவிடுவது, டாக்டரிடம் அனுப்புவது எல்லாம் அவன் கை. ஐம்பத்தைந்து வயதில் இருபத்தாறு வருடம் அந்த அறையிலேயே போயிருந்தது. கூட்டம் கலைந்ததும் அருகில் வந்து குனிந்து, கால் எப்படி இருக்கிறது என்று கேட்டான். வெஸ் லேசாகச் சதை கன்றியிருக்கிறது என்றான். கில் அவன் முகத்தை ஒரு கணம் பார்த்துவிட்டுப் போய்விட்டான்.

இந்த இடத்தில் மஞ்சள் தாளைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். தினமும் காலை பத்து மணிக்குள் கில் ஒரு மஞ்சள் தாளில் யார் யாருக்குக் காயம், யார் ஆடத் தகுதியில்லை என்று எழுதி, மற்றவர்களிடம் 'நலமாக இருக்கிறேன்' என்று கையெழுத்து வாங்கி, மாடியில் இருக்கும் மேலாளருக்கு அனுப்புவான். அந்தத் தாள் என்றால் வெஸ்ஸுக்கு எமன். அதற்குக் காரணம் உண்டு. பதினோரு வருடத்துக்கு முன்னால் டங்கன் டேம்ப்ளின் என்ற நாலாவது வரிசைக்காரன் விலா எலும்பு விரிசல் விட்டதென்று உண்மையைச் சொன்னான். அவன் பெயர் தாளில் ஏறியது. அவனுக்குப் பதில் மூன்று ஆட்டத்துக்கு என்று சொல்லிச் சின்ன லீக்கிலிருந்து ஒருவனை வரவழைத்தார்கள். டேம்ப்ளினின் விலா ஆறு வாரத்தில் ஆறியது. இடம் திரும்பக் கிடைக்கவேயில்லை. வரவழைக்கப்பட்டவன் வெஸ்.

ஒருவனுடைய உண்மையைத் தின்று வளர்ந்தவன் தன் உண்மையை எப்படிச் சொல்வான்? பதினோரு வருடத்தில் உடைந்த விரல், கிழிந்த தோள், இரண்டு தடவை மூக்கு என்று எதுவும் அந்தத் தாளுக்குத் தெரியாது.

வீடு மலை மேலே இருந்தது. ஹாமில்டன்காரர்கள் அந்த மேட்டை மலை என்றுதான் சொல்வார்கள். அங்கிருந்து பார்த்தால் உருக்காலைப் புகையும் உறைந்த ஏரியும் தெரியும். அந்த வீட்டில் கோரினும் பத்து வயது மகள் டெஸ்ஸாவும். வாடகை வீடு மாறி மாறி டெஸ்ஸாவுக்கு இது நாலாவது பள்ளிக்கூடம். இங்கேதான் முதல்முறையாகப் பிறந்தநாளுக்கு அழைக்கப் பெயர்கள் சொன்னாள். கோரினுக்கு நூலகத்தில் நிரந்தர வேலை கிடைத்து எட்டு மாதம் ஆகியிருந்தது. இரண்டு வருடத்துக்கு முன்னால் வெஸ்ஸை ஐந்து மாதம் சின்ன லீக்குக்கு அனுப்பினார்கள். அந்த ஐந்து மாதத்தில் கணவனும் மனைவியும் ஏறக்குறைய அறுந்தே போனார்கள். அவன் திரும்பி வந்த பிறகு கஷ்டப்பட்டு ஒட்டவைத்தார்கள். கோரின் அப்போது கோபமில்லாமல் ஒன்று சொன்னாள்: "அடுத்த தடவை மூட்டை கட்டினா ஒரே ஒரு மூட்டைதான் வெஸ். அப்புறம் அது திரும்பி வர வேண்டாம்."

அதனால்தான் அந்த ஞாயிற்றுக்கிழமை முழுவதும் வெஸ் பொய்யாகவே நடந்தான். விடியுமுன் எழுந்து குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு வாளியில் பனிக்கட்டி போட்டுக் காலை விட்டான். பாதம் கத்தரிக்காய் நிறத்தில் இருந்தது. கட்டை விரலை அசைத்தபோது உள்ளே ஒன்று வேறு திசையில் அசைந்தது. கோரின் கேட்டபோது லேசான அடி என்றான். டெஸ்ஸா வெளியே பனிமேட்டில் சறுக்கக் கூப்பிட்டபோது முதுகு வலி என்றான். முதுகுவலியை எல்லோரும் நம்புவார்கள். மாலையில் பியரோகிக் கொழுக்கட்டை அவித்து, வெங்காயம் வதக்கிப் போட்டுச் சாப்பிட்டார்கள். அவன் மேஜைக்கடியில் இடது காலை வலது காலின் மேல் தூக்கி வைத்திருந்தான். அந்த வீட்டில் அவன் சந்தோஷமாகச் சாப்பிட்ட கடைசிச் சாப்பாடு அதுதான். வலியோடு இருந்தாலும் சந்தோஷமாகத்தான் இருந்தான்.

திங்கட்கிழமை காலை எட்டரைக்கே அரங்கத்துக்குப் போனான். மற்றவர்கள் வருமுன் காலை ஸ்கேட்டுக்குள் திணித்துவிடலாம் என்ற எண்ணம். ஆனால் கில் வாசலிலேயே நின்றிருந்தான், வழக்கத்துக்கு மாறாக.

கால் எப்படி என்று கேட்டான். வெஸ் நன்றாக இருக்கிறது என்றான்.

உள்ளே போனால் பொருட்கள் அடுக்குகிற இடத்தில் புதுசாக ஒரு பை கிடந்தது. சின்ன லீக்கில் ஆடும் மாங்க்டன் அணியின் முத்திரை போட்ட பை. அதிலிருந்த பெயர் யர்க்கோ ஹெய்னாலா. இருபத்தோரு வயதுப் பின்லாந்துக்காரன், காற்று மாதிரி ஓடுகிறவன் என்று எல்லோரும் சொல்லிக்கொண்டிருந்தார்கள். ஆளை வரவழைத்துத் தயாராக வைத்திருக்கிறார்கள். எவன் பெயர் தாளில் ஏறுகிறதோ அவன் இடத்தில் இவனைப் போடுவார்கள். டேம்ப்ளினுக்கு நடந்தது அச்சுப் பிசகாமல் தனக்கு நடக்கப்போகிறது என்று முடிவு கட்டிவிட்டான். இவ்வளவு கெட்டிக்காரத்தனமாகத் தப்புக் கணக்குப் போட அனுபவசாலியால் மட்டும்தான் முடியும்.

மேஜையில் உட்காரவைத்துக் கட்டுப் போடும்போது கில் இரண்டாவது தடவை கேட்டான். எக்ஸ்ரே பக்கத்து அறையில்தான் இருக்கிறது, இரண்டு நிமிட வேலை என்றான். வெஸ் சிரித்துக்கொண்டே, படம் எடுக்கணும்னா என் நல்ல பக்கத்தைப் பார்த்து எடு, அதுதான் கோல் போட்டது என்றான். கில் சிரிக்கவில்லை.

பத்து மணிக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது கில் மஞ்சள் தாளோடு வந்தான். இருபத்தாறு வருடத்தில் அவன் தன் அறைக் கதவைச் சாத்தி யாரும் பார்த்ததில்லை. அன்றைக்குச் சாத்தினான். வெஸ்ஸுக்கு எதிரே முக்காலியைப் போட்டு உட்கார்ந்தான். தாளை நீட்டாமல் தன் முழங்காலின் மேலேயே வைத்திருந்தான்.

"வெஸ், நான் சொல்றதைக் கேளு. இன்னைக்கு மட்டும் உண்மையைச் சொல்லு. ஒரு வார்த்தை போதும், மிச்சத்தை நான் எழுதிக்கறேன்."

"என்ன உண்மை?"

"கால் உடைஞ்சிருக்குன்னு."

"உடைஞ்ச காலோட எவனாவது வண்டி ஓட்டிட்டு வருவானா? தாளைக் குடு கில்."

"இன்னைக்கு மட்டும்டா," என்றான் கில். அவன் குரல் கெஞ்சியது. அவன் கெஞ்சி வெஸ் கேட்டதில்லை.

வெஸ் அந்தக் கெஞ்சலையும் தப்பாகவே புரிந்துகொண்டான். மாடியிலிருந்து உத்தரவு வந்திருக்கிறது, என் பெயரை எப்படியாவது ஏற்றச் சொல்லியிருக்கிறார்கள், பழகின மனுஷன் என்பதால் இவனை விட்டுக் கேட்க வைக்கிறார்கள் என்று நினைத்தான். கில்லின் முழங்காலிலிருந்து தாளை இழுத்து, 'நலமாக இருக்கிறேன்' என்ற வரிக்குக் கீழே கையெழுத்துப் போட்டான். பேனாவைத் திருப்பிக் கொடுத்தபோது கில்லின் முகத்தைப் பார்க்கவில்லை.

பயிற்சியில் அவன் ஆடிய ஆட்டத்தைப் பார்த்தவர்கள் இன்னும் பேசிக்கொள்கிறார்கள். கடைசியில் கோடு விட்டுக் கோடு ஓடித் திரும்புகிற ஓட்டம் உண்டு, நல்ல கால் உள்ளவனே வாந்தி எடுப்பான். வெஸ் அதில் மூன்றாவதாக வந்தான். இடது பக்கம் திரும்புகிற ஒவ்வொரு தடவையும் கண்ணுக்குள் வெள்ளையாகப் பளிச்சிட்டது. பல்லைக் கடித்த கடியில் பழைய பொய்ப்பல் ஒன்று பெயர்ந்தது, அதைத் துப்பி கையுறைக்குள் வைத்துக்கொண்டான். ஓரத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்த கோச்சின் கண்ணில் பட வேண்டும் என்றுதான் இத்தனையும். பட்டது. கோச் தலையைக் குனிந்துகொண்டார்.

பன்னிரண்டு மணிக்கு மாடிக்குக் கூப்பிட்டார்கள்.

மேலாளர் ஆர்தர் கெல்லாவே நல்ல மனிதர் என்று பெயர் எடுத்தவர். வெஸ்ஸை உட்காரச் சொல்லி, கோரின் எப்படி இருக்கிறாள், டெஸ்ஸா எந்த வகுப்பு என்றெல்லாம் விசாரித்தார். பிறகு விஷயத்துக்கு வந்தார். வெஸ்ஸின் பெயரை வேய்வரில் போடுகிறார்கள். அதாவது, ஒரு நாள் முழுக்க அவன் பெயர் மற்ற எல்லா அணிகளின் முன்னாலும் கிடக்கும், வேண்டியவர்கள் சும்மாவே எடுத்துக்கொள்ளலாம். யாரும் எடுக்கவில்லை என்றால் மாங்க்டனுக்கு, சின்ன லீக்குக்கு. சனிக்கிழமையே முடிவாகிவிட்டது என்றார். ஆட்டத்துக்கு முன்னாலா பின்னாலா என்று வெஸ் கேட்கவில்லை. தெரிந்து ஆவது ஒன்றுமில்லை.

"உன்னை மாதிரி ஆள் ஒவ்வொரு டீமுக்கும் வேணும் வெஸ்," என்றார் கெல்லாவே. "இதை நான் மனசார சொல்றேன்."

"அப்ப ஏன் என்னை அனுப்பறீங்க?"

"இளவட்டங்களுக்கு இடம் பண்ணித்தானே ஆகணும். யார் போனாலும் எனக்குக் கஷ்டம்தான். நல்லவேளை, உனக்கு உடம்புல எதுவும் இல்லைன்னு கில் தாள் அனுப்பியிருக்கான். போன உடனே ஆடலாம்."

அவர் மேஜை மேல் மஞ்சள் தாள் கிடந்தது. தன் கையெழுத்தை வெஸ் தலைகீழாகப் பார்த்தான். அப்போதுதான் அவன் மண்டையில் உறைத்தது. காயப்பட்டவனை வேய்வரில் போட முடியாது, கீழே அனுப்பவும் முடியாது. லீக்கில் இந்த விதி தெரியாதவன் கிடையாது. வெஸ்ஸுக்கும் தெரியும். ஆனால் பதினோரு வருடமாக அந்தத் தாளை இடத்தைப் பறிக்கிற தாளாக மட்டுமே பார்த்தவனுக்கு, இடத்தைக் காப்பாற்றவும் அது ஒன்றுதான் உண்டு என்பது நினைவுக்கே வரவில்லை. யர்க்கோவின் பை வந்தது அவன் பெயர் தாளில் ஏறும் என்பதற்காக அல்ல. ஏறாது என்ற நம்பிக்கையில் வந்தது. வெஸ் ஹார்லுக் ஒருநாளும் வலி என்று சொல்ல மாட்டான் என்பது அந்தக் கட்டடத்துக்கே தெரியும்.

அந்த இடத்திலேயே காலைத் தூக்கி மேஜை மேல் வைத்திருக்கலாம். வாயைத் திறந்தான். கெல்லாவே கையை நீட்டினார். வெஸ் குலுக்கிவிட்டு வந்துவிட்டான்.

கீழே கில் காத்திருந்தான். அறையில் வேறு யாரும் இல்லை. வெஸ் ஆணியிலிருந்து வெள்ளைத் தொப்பியை எடுத்து அவன் கையில் கொடுத்தான். அடுத்த வெற்றி வந்தால் யாராவது ஒருவன் இதை அடுத்தவன் தலையில் வைக்க வேண்டுமே, எனக்குப் பதில் நீ வைத்துவிடு என்றான். கில் தொப்பியை வாங்கி மடியில் வைத்துக்கொண்டான்.

"காலையிலேர்ந்து மூணு தடவை கேட்டேன்டா," என்றான். "உன்னை அனுப்பப் போறாங்கன்னு வாயைத் திறந்து சொன்னா என் வேலை போயிடும். அதுக்கு மேல எப்படிக் கேட்கறது?"

"தெரியும்."

"பேப்பர் மேல போயிடுச்சு. என்னால இனி ஒண்ணும் பண்ண முடியாது. ஆனா மாங்க்டன்ல போன அன்னைக்கே கேட்பாங்க. அங்க சொல்லு. எக்ஸ்ரே எடுத்தா இங்க உடைஞ்சதுன்னு தெரிஞ்சிடும், உன்னைத் திருப்பி அனுப்பியே ஆகணும். அங்கயாவது சொல்லுடா."

வெஸ் தலையாட்டினான். தன் ஸ்கேட்டுகளைத் தோளில் போட்டுக்கொண்டு, நொண்டாமல், வண்டி வரைக்கும் நடந்தான்.

அடுத்த ஒரு நாள் எப்படிப் போனது என்று கேட்டால் தொலைபேசியைப் பார்த்துப் போனது. இருபத்தைந்து அணிகள். அதில் எத்தனை கோச்சுகள் ஆட்டம் முடிந்து கைகுலுக்கும்போது, உன்னை மாதிரி ஒருவன் எனக்கு இருந்தால் என்று சொல்லியிருக்கிறார்கள் என்று வெஸ் படுத்தபடியே எண்ணினான். பதினான்கு வந்தது. சும்மாவே கிடைக்கிறான், ஒரு பைசா கொடுக்க வேண்டாம். செவ்வாய் மதியம் பன்னிரண்டு ஐந்துக்கு அவனுடைய ஏஜென்ட் கூப்பிட்டான். யாரும் எடுக்கவில்லை. ஒரு அணிகூட விசாரிக்கவில்லை. கறிவேப்பிலையை யார் காசு கொடுத்து வாங்குகிறார்கள்? காய்கறியோடு கேட்டால் கடைக்காரனே கொஞ்சம் போட்டுத் தருகிறான்.

கோரின் படிக்கட்டின் மேலே நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். வெஸ் எழுந்து அவளை நோக்கி ஏறினான். மூன்றாவது படியில் இடது கால் மடிந்தது. அவள் இறங்கி வந்து, எதுவும் கேட்காமல் காலுறையை உருவினாள். பாதத்தைப் பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள்.

"இதை அவங்ககிட்ட சொல்லியிருந்தா உன்னை அனுப்பியிருக்க முடியுமா?"

"முடியாது."

"அப்ப யாருக்காகடா மறைச்சே?"

"உங்க ரெண்டு பேருக்காகத்தான்."

கோரின் சிரித்தாள். அதைச் சிரிப்பு என்று சொல்ல முடியாது. படியிலேயே உட்கார்ந்து அவன் காலை மடியில் வைத்துக்கொண்டு அழுதாள். அழுது முடித்துவிட்டு, காரியம் பேசுகிறவள் போலப் பேசினாள். அங்கே போனதும் சொல்லிவிடு என்றாள். கட்டுப் போட்டுத் திருப்பி அனுப்பினால் இந்த வீட்டில் சீசன் முடிகிற வரைக்கும் இரு, அதற்கப்புறம் ஹாக்கி வேண்டாம், ஏதாவது ஒரு வேலை பார்த்துக்கொள்ளலாம். ஆனால் அங்கேயும் வாயை மூடிக்கொண்டு ஆடினாயானால், எங்களைவிட அந்த உடை மாற்றும் அறைதான் உனக்குப் பெரிது என்று நான் எடுத்துக்கொள்வேன். வெஸ் சத்தியம் செய்தான். டெஸ்ஸாவின் பெயரைச் சொல்லிச் சத்தியம் செய்தான்.

புதன்கிழமை விமானத்தில் காலைத் தூக்கி முன் இருக்கைக்கடியில் வைத்துக்கொண்டு, சொல்ல வேண்டிய வாக்கியத்தை மனசுக்குள் ஒத்திகை பார்த்தான். 'சனிக்கிழமை ஆட்டத்துல என் கால் உடைஞ்சது.' ஆறு வார்த்தைகூட இல்லை. பள்ளிக்கூடப் பையனும் சொல்லிவிடுவான்.

மாங்க்டனில் ஈரப்பனி கொட்டிக்கொண்டிருந்தது. அரங்கம் பழையது, உள்ளே போனாலே ஈரக் கையுறை வாசனை. உடை மாற்றும் அறைக் கதவைத் திறந்தபோது உள்ளே பதினெட்டுப் பேர் இருந்தார்கள், இருபது இருபத்திரண்டு வயதுப் பையன்கள். ஒருவன் மட்டையை எடுத்துத் தரையில் தட்டினான். அடுத்தவன் தட்டினான். பிறகு அறை முழுவதும் தட்டியது. சனிக்கிழமை ஆட்டத்தை அவர்கள் எல்லோரும் தொலைக்காட்சியில் பார்த்திருக்கிறார்கள். ஒற்றைக் காலில் நாற்பது நொடி நின்றவனைப் பார்த்திருக்கிறார்கள். தட்டல் நிற்கவேயில்லை. வெஸ் வாசலிலேயே நின்றான். இருபத்தைந்து அணிகளில் ஒருவனும் கொடுக்காத விலையை இந்தப் பொடியன்கள் கொடுத்துக்கொண்டிருந்தார்கள்.

அந்த ஊர் கோச் ரே லெஃபேவ் வந்து தோளைத் தட்டினார். இரண்டு பேருக்குக் காய்ச்சல், இன்றைக்கு ஆட்டத்துக்கு ஆள் குறைகிறது, சரியான நேரத்தில் வந்தாய் என்றார். அவருக்குப் பின்னாலேயே அந்த அணியின் காயம் பார்ப்பவன் அட்டையும் தாளுமாக வந்தான். பெயர், வயது, எடை எழுதிக்கொண்டான். அங்கே தாள் வெள்ளை. மட்டைகள் அப்போதுதான் ஓய்ந்திருந்தன. அறை முழுவதும் அவனையே பார்த்துக்கொண்டிருந்தது.

"உடம்புல காயம் ஏதாவது இருக்கா?"

வாக்கியம் நாக்கு நுனியில் இருந்தது. டெஸ்ஸாவின் முகமும் படியில் உட்கார்ந்த கோரினும் கண் முன்னால் இருந்தார்கள். அவன் அவர்களை மறந்தான் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அவன் மறக்கவில்லை. மறக்காமலே சொன்னான்.

"ஒண்ணும் இல்ல."

காயம் பார்ப்பவன் ஒரு கோடு போட்டுவிட்டு, கீழே கையெழுத்து என்று காட்டினான். வெஸ் போட்டான்.

நாலு மணிக்கு நடையில் இருந்த பொதுத் தொலைபேசியிலிருந்து வீட்டுக்குக் கூப்பிட்டான். கோரின்தான் எடுத்தாள். பின்னால் டெஸ்ஸா பள்ளியிலிருந்து வந்து பையை எறிகிற சத்தம் கேட்டது.

"சொன்னியா?" என்றாள் கோரின்.

வெஸ் சுவரில் நெற்றியை வைத்துக்கொண்டான். உள்ளே பையன்கள் பாட்டுப் போட்டு மட்டைகளுக்கு நாடா சுற்றிக்கொண்டிருந்தார்கள்.

"இங்க ஆள் குறைச்சலா இருக்கு கோரின். ரெண்டு பேருக்குக் காய்ச்சல். இன்னைக்கு ஒரு நாள் மட்டும்..."

மறுமுனையில் அவள் கோபப்படவில்லை.

"இங்கயும் ஒரு ஆள் குறைச்சல்தான் வெஸ்," என்றாள். "பத்து வருஷமா."

வைத்துவிட்டாள். வெஸ் ரிசீவரைக் காதில் வைத்தபடி இன்னும் கொஞ்ச நேரம் நின்றான். பிறகு உள்ளே போய் உட்கார்ந்து, இடது காலை ஸ்கேட்டுக்குள் நுழைத்தான். கால் உள்ளே போகவில்லை. நாடா முழுவதையும் உருவி, ஸ்கேட்டின் நாக்கை வெளியே இழுத்து, இரண்டு கையாலும் பிடித்துத் திணித்த பிறகுதான் போனது.